நான் சொன்ன ஒரு மணி நேரம்

அருள்,

போன ஞாயிற்றுக்கிழமை நீ சென்னையிலிருந்து போன் செய்தபோது, இத்தாலியன் வகுப்பில் ஒரு இடம் குழப்புகிறது என்றாய். "எவ்ளோ நேரம் ஆவும்னு சொல்றதுக்கு ரெண்டு விதம் கீதாம் நைனா. ஒண்ணு ச்சி வுவோலே, இன்னொண்ணு ச்சி மெத்தோ. டீச்சர் மூணு தபா சொல்லியும் மண்டையில ஏறல. நீ அந்த இத்தாலிக்காரிக்கு ஜீப்பு ஓட்டினியே, உனக்குத் தெரியுமா?" என்று கேட்டாய். எனக்குத் தெரியாது, எல்லாம் மறந்துபோச்சு என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். வயசாகிவிட்டது என்று நீ நினைத்திருப்பாய். எனக்கு ஐம்பத்தொன்றுதான் ஆகிறது. எதுவும் மறக்கவில்லை. இந்த ஊரில் அந்த இரண்டு வார்த்தைக்கும் வித்தியாசம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதை உனக்குப் போனில் சொல்ல வாய் வரவில்லை. இன்னும் ஒன்பது நாளில் நீ அந்த நாட்டுக்கு விமானம் ஏறப் போகிறாய். அதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

முதலில் உன் பாடத்தை முடித்துவிடுகிறேன். உனக்கு நினைவிருக்கும், கன்னியர் மடத்து மருந்தகத்தில் சிஸ்டர் லூச்சியா என்று ஒருவர் இருந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் லூசியம்மா. நர்ஸ் படித்தவர். இந்தியாவுக்கு வந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. தமிழ் உடைந்து உடைந்து வரும், ஆங்கிலம் அதைவிட மோசம். நான் மருந்தகத்து ஜீப்பை ஓட்டினேன். தினமும் காலையில் வண்டியில் ஏறியதும், போகிற ஊருக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்பார். "குவான்த்தோ ச்சி வுவோலே?" முதல் வாரம் முழுக்க அவர் என்னைப் பார்த்து ச்சீ என்று சொல்வதாக நினைத்து, சட்டை அழுக்காக இருக்கிறதோ என்று துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டு போனேன். பிறகு ஒருநாள் அதைச் சொன்னேன். ஏரிக்கரை முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார். அன்றிலிருந்துதான் எனக்கு வண்டியிலேயே பாடம் ஆரம்பித்தது.

வுவோலே என்றால் வேணும். மெத்தோ என்றால் நான் போடுகிறேன். மாகறல் ஊருக்குப் போக அரை மணி வேணும் என்பது ரோட்டைப் பற்றிய பேச்சு. யார் ஓட்டினாலும் அதேதான். அதற்கு ச்சி வுவோலே. ஆனால் நான் வழியில் டீக்கு இறங்குவேன், தெரிந்தவர் இரண்டு பேரைப் பார்த்தால் நிறுத்திப் பேசுவேன். "ரோடு வேணும் அரை மணி. நீ போடு முக்கால் மணி" என்று லூசியம்மா விரலை ஆட்டிச் சொல்வார். அந்த முக்கால் மணிக்கு ச்சி மெத்தோ. நான் என்றால் மெத்தோ, நீ என்றால் மெத்தி, அவர் என்றால் மெத்தே. ஆளுக்கு ஆள் மாறும், ஏனென்றால் அதற்கு ஒரு ஆள் பொறுப்பு. வுவோலேவில் ஆள் கிடையாது. அங்கே மணிதான் கணக்கு. ஒரு மணி என்றால் ச்சி வுவோலே உன் ஓரா. இரண்டு மணி என்றால் ச்சி வோலியோனோ தூவே ஓரே. இதைத் தப்பாகச் சொன்னால் அவர் விடவே மாட்டார், திருப்பிச் சொல்ல வைப்பார். பரீட்சைக்கு இவ்வளவு போதும். இதற்கு மேல் நான் எழுதப் போவது பரீட்சைக்கு இல்லை.

நீ இரண்டாம் வகுப்பு படித்த வருஷம், ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. ஒருநாள் காலை அம்மா களை எடுக்கப் போயிருந்தாள். வரப்பில் கால் வைத்த இடத்தில் கண்ணாடி விரியன் கிடந்திருக்கிறது. வலது பாதத்தில், கணுக்காலுக்குக் கீழே கடித்துவிட்டது. கூட வேலை செய்த பெண்கள் அவளைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தார்கள். அப்போது மணி ஒன்பதரை இருக்கும். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். நான் வாசலில் ஜீப்பைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கால் அதற்குள் முழங்கால்வரை வீங்கிவிட்டது. அம்மா அழவில்லை. "உன் புள்ளைக்கு மத்தியானம் சோறு எடுத்தாந்து குடுக்க ஆள் இல்ல, யாராண்டயாச்சும் சொல்லு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

மருந்தகத்தில் டாக்டர் கிடையாது. வாரத்தில் இரண்டு நாள்தான் வருவார், அன்று வருகிற நாள் இல்லை. விஷமுறிவு மருந்து நான்கு குப்பி இருந்தது. அது போதாது, ஆனால் ஆரம்பிக்கலாம். ஆரம்பித்தால் ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருந்து ஏற்ற வேண்டும். சில உடம்புக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, தூக்கித் தூக்கிப் போடும். டாக்டர் இல்லாமல் அதைச் செய்வது ஆபத்து. செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போய்விட்டால் எல்லாம் இருக்கும். லூசியம்மா அம்மாவின் காலை ஒருமுறை பார்த்தார், என்னை ஒருமுறை பார்த்தார். ஒரு மணியில் போய்விட முடியும் என்றால் கிளம்பலாம், இரண்டு மணி என்றால் இங்கேயே ஆரம்பிக்க வேண்டும் என்று கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "குவான்த்தோ ச்சி மெத்தி? ஓஜ்ஜி." ஓஜ்ஜி என்றால் இன்றைக்கு. ரோட்டுக்கு எவ்வளவு வேணும் என்று அவர் கேட்கவில்லை, அருள். நீ எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்வாய், இன்றைக்கு, இந்த மழையில் என்று கேட்டார்.

அன்று காலை டீக்கடையில் பால் வண்டிக்காரர் என்னிடம் சொல்லியிருந்தார். "செங்கல்பட்டு போற ரூட்ல தரைப்பாலத்து மேல தண்ணி ஏறிக்கினு கீது. ஏரித் தண்ணி வெளிய போற கலங்கல தொறந்துட்டானுங்க. போறதுன்னா பாத்துப் போ" என்றார். அது எனக்கு நினைவில் இருந்தது. நன்றாகவே இருந்தது. இருந்தும் நான் சொன்னது, "ச்சி வுவோலே உன் ஓரா." ரோட்டுக்கு ஒரு மணி வேணும். தப்பே இல்லாமல் சொன்னேன். அவர் கற்றுக்கொடுத்தபடியே சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று பதினைந்து வருஷமாக என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். போன மாதம்தான் அதே கட்டிலில் ஒரு ஆளுக்கு அந்த மருந்து ஏற்றி, அவன் பல் கிட்டிப்போய் உதறியதைப் பார்த்திருந்தேன். அம்மாவை அந்தக் கட்டிலில் பார்க்க என்னால் முடியாது என்று நினைத்தேன். பெரிய ஆஸ்பத்திரி, நிறைய டாக்டர், அங்கே போய்விட்டால் பொறுப்பு என் கையைவிட்டுப் போய்விடும் என்றும் நினைத்திருப்பேன். இரண்டு மணி ஆகும் என்று என் வாயால் சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்ற பயமும் இருந்தது. இன்னொன்றும் உண்டு, எழுத வெட்கமாக இருக்கிறது. மருந்தகத்து ஆட்கள் எல்லோரும் சுற்றி நிற்கும்போது, லூசியம்மா பேசுவது எனக்கு மட்டும் புரிகிறது, நான் பதில் சொல்கிறேன் என்ற பெருமையும் அந்த நிமிஷத்தில் இருந்தது. உன் அம்மா வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்த நிமிஷத்தில்.

கிளம்பினோம். லூசியம்மா நான்கு குப்பியையும் பையில் போட்டுக்கொண்டு அம்மாவோடு பின்னால் உட்கார்ந்தார். தரைப்பாலத்துக்கு வந்தபோது முன்னால் இரண்டு பஸ் நின்றுகொண்டிருந்தது. பாலம் எங்கே என்றே தெரியவில்லை, இரண்டு பக்கத்துக் கல்லும் மூழ்கித் தண்ணீர் பழுப்பாகச் சுழித்துக்கொண்டு போனது. நான் இறங்கி ஒரு கழியை ஊன்றிப் பார்த்தேன். முழங்காலுக்கு மேல் இழுத்தது. ஒரு பஸ்ஸின் கண்டக்டர் என்னைத் தெரிந்தவன். "இன்னாண்ணே, காத்தால பால் வண்டிக்காரு உன்னாண்ட சொன்னேன்னு சொன்னாரே. தெரிஞ்சே பேஷண்ட இட்டுக்கினு வந்து நிக்கிறியே" என்றான். திரும்பிப் பார்த்தேன். லூசியம்மா ஜீப்பின் பின்பக்கம் இறங்கி நின்றுகொண்டிருந்தார். அவர் காதில் விழுந்தது. புரிந்ததா இல்லையா என்று முகத்தில் தெரியவில்லை. எவ்வளவு நேரத்தில் தண்ணீர் இறங்கும் என்று மட்டும் கேட்டார். அப்போதாவது நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். திரும்பி மருந்தகத்துக்கே போய்விடலாம் என்று சொல்லியிருக்கலாம். நான் "மெத்ஸோரா" என்றேன். அரை மணி.

முக்கால் மணிக்கு மேல் நின்றோம். தண்ணீர் இறங்கவில்லை, ஏறியது. அம்மாவின் ஈறிலிருந்து ரத்தம் கசிய ஆரம்பித்தது. லூசியம்மா அதைப் பார்த்ததும் வேறு யாரையும் எதுவும் கேட்கவில்லை. ஜீப்பின் கம்பியில் பாட்டிலைக் கட்டி, அந்த ரோட்டிலேயே மருந்தை ஏற்ற ஆரம்பித்தார். பஸ்ஸில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சுற்றி வந்து நின்றுவிட்டார்கள். பாதி ஏறியபோது அம்மாவுக்கு உடம்பெல்லாம் தடித்துக்கொண்டு வந்தது, குளிர் நடுக்கம் கண்டது, மூச்சு இழுத்தது. கூட்டத்தில் யாரோ, "நல்லாதான கீந்துச்சு, இந்தம்மா ஊசி குத்தினப்புறம்தான் இப்பிடி ஆயிடுச்சு" என்றார்கள். லூசியம்மா வேறொரு ஊசியைப் போட்டு, பாட்டிலை நிறுத்தி, அம்மாவின் தலையைத் தன் மடியில் திருப்பி வைத்துக்கொண்டு பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். "ஸ்டெல்லா, ஸ்டெல்லா, என்னைப் பார்." பத்து நிமிஷம் கழித்து மூச்சு சீரானது. மறுபடி மெதுவாக மருந்தை ஏற்றினார். அதன் பிறகுதான் ஒரு டிராக்டர் வந்தது. அம்மாவை டிரெய்லரில் படுக்கவைத்துத் தண்ணீரைக் கடந்தோம். அந்தப் பக்கம் நின்ற பஸ் எங்களை ஏற்றிக்கொண்டு திரும்பியது. ஆஸ்பத்திரிப் படி ஏறும்போது மணி ஒன்றை நெருங்கிவிட்டது. ரோட்டுக்கு ஒரு மணி வேணும். நான் எடுத்துக்கொண்டது மூன்று மணிக்கு மேல்.

அம்மா பிழைத்தாள். பாதம் பிழைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அன்று டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு இரண்டு விஷயம் சொன்னார். கடித்தவுடனேயே மருந்து ஏறியிருந்தால் கால் தப்பியிருக்கலாம் என்பது ஒன்று. வழியில் அந்த சிஸ்டர் ஏற்றியிருக்காவிட்டால் ஆளே தப்பியிருக்க மாட்டாள் என்பது இன்னொன்று. முதலாவதை ஊரில் எல்லோரிடமும் சொன்னேன். இரண்டாவதை ஒருவரிடமும் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. லூசியம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீ கட்டிலுக்கு அருகில் நின்றுகொண்டிருந்தாய். அவர் கொடுத்த பிஸ்கட் பாக்கெட்டை வாங்கி அவர் காலடியிலேயே எறிந்தாய். "நீதான் எங்கம்மா கால எடுத்த" என்றாய். நான் உன்னை அதட்டவில்லை. அவர் குனிந்து பாக்கெட்டை எடுத்து ஜன்னலில் வைத்துவிட்டுப் போனார்.

பஸ்ஸில் பார்த்தவர்கள் சொன்னது ஊரெல்லாம் பரவிவிட்டது. மருந்தகத்துக்கு ஆள் வருவது நின்றது. ஒரு ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வளாகத்தில் ஐம்பது அறுபது பேர் நின்றுகொண்டு, அந்த அம்மாவை மாற்றச் சொல்லிப் பங்குச் சாமியாரிடம் கேட்டார்கள். லூசியம்மாவும் வந்து நின்றார். சாமியார் என்னைக் கூப்பிட்டு, "நீங்கதான் வண்டி ஓட்டினீங்க. எவ்வளவு நேரம்னு சிஸ்டர்கிட்ட சொன்னீங்க?" என்றார். "ஒரு மணி நேரம் ஆவும்னு சொன்னேன் சாமி. செங்கல்பட்டுக்கு அவ்ளோதான ஆவும்" என்றேன். ஆமாம், அவ்வளவுதான் ஆகும் என்று நாலு பேர் சொன்னார்கள். நான் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதைப் பார். சாமியார் லூசியம்மாவைப் பேசச் சொன்னார். அவர் என்னைப் பார்க்காமல், "ச்சி ஓ மெஸ்ஸோ த்ரொப்போ. இயோ" என்றார். இன்னா சொல்றாங்க, இன்னா சொல்றாங்க என்று எல்லோரும் என்னைத்தான் கேட்டார்கள். "ரொம்ப நேரம் எடுத்துக்கினேன், நான்தான்னு சொல்றாங்க" என்றேன். சரியான மொழிபெயர்ப்பு. கூட்டத்தில் ஒரு பெண், "அவங்களே ஒத்துக்கினாங்க பாரு" என்றாள். அதோடு முடிந்தது.

இரண்டு மாதத்தில் மடத்தார் அவரை இத்தாலிக்கே திருப்பி அழைத்துக்கொண்டார்கள். செங்கல்பட்டு ரயிலடிக்கு நான்தான் கொண்டுபோய் விட்டேன். தரைப்பாலம் காய்ந்து கிடந்தது. அதைத் தாண்டியதும் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொன்னார். அவருக்கு அதற்குள் தமிழ் கொஞ்சம் திருந்தியிருந்தது. "பால் வண்டி சொன்னது எனக்குத் தெரியும். நீ பயந்துட்டே. எனக்கும் பயம். நான் உன்னை மறுபடி கேட்டிருக்கணும், ஒரு தடவைதான் கேட்டேன். ஊருக்குச் சொல்ல வேண்டாம். ஸ்டெல்லாவுக்கு மட்டும் சொல்லு. நீ சொல்லு" என்றார். சொல்கிறேன் சிஸ்டர் என்றேன். எப்போது என்று அவர் கேட்கவில்லை. பதினைந்து வருஷம் எடுத்துக்கொண்டேன். இதற்கு வேணும் என்ற சொல் பொருந்தாது. அத்தனையும் நான் போட்டது.

இதைவிட என்னை உறுத்துவது உன் விஷயம். நர்சிங் சேர்ந்தபோது ஏன் என்று கேட்டதற்கு, தெரியாதவங்க கையால ஊசி போட்டு எங்கம்மா கால் போச்சு, அதுக்காகத்தான் என்றாய். இத்தாலி வேலைக்கு நேர்காணலிலும் அதையே சொன்னதாகவும், கேட்டவர்கள் கண் கலங்கியதாகவும் பெருமையாகச் சொன்னாய். நான் தட்டில் இருந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். உன் படிப்புக்கே என் பொய்யை அஸ்திவாரமாகப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். நீ நல்ல நர்ஸ், அது பொய் இல்லை. ஆனால் எந்தக் கையைப் போல ஆகக்கூடாது என்று நினைத்துப் படித்தாயோ, அந்தக் கைதான் உன் அம்மாவை உயிரோடு வைத்தது. நீ போகிற இடம் முதியோர் இல்லம். அங்கே படுத்திருப்பவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும் நாள் முழுக்க உன்னை நேரம்தான் கேட்பார்கள். டாக்டர் வர எவ்வளவு நேரம், வலி குறைய எவ்வளவு நேரம் என்று. வழக்கமாக எவ்வளவு ஆகும் என்பதைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிடாதே. அன்றைக்கு, உன்னால், எவ்வளவு ஆகும் என்று சொல். தெரியாவிட்டால் தெரியாது என்று சொல். அதிக நேரம் ஆகும் என்று சொல்லக் கூசாதே.

நாலு நாளைக்கு முன்னால் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தாள். கேட்டுக்கொண்டே ஒரு ஜாக்கெட் கையை முழுதாகத் தைத்து முடித்தாள். நூலை அறுத்துவிட்டு, "அந்தம்மா என் தலைய மடியில வெச்சிக்கினு கூப்ட்டது எனக்கு ஞாபகம் கீது. நீங்கள்லாம் சொல்லச் சொல்ல அது கனவுன்னு நெனச்சிக்கினேன்" என்றாள். அடுத்த துணியை எடுத்து மெஷினில் வைத்தாள். "காலு போனதுக்கு நான் உன்ன ஒண்ணும் கேக்க மாட்டேன். பயந்த, சொல்லிட்ட. கூடப் பொறந்தவ மாதிரி கீந்தவங்கள பதினஞ்சு வருசம் நான் சபிச்சேன் பாரு, அதுக்கு இன்னா பண்ணப் போற?" என்றாள். அதன் பிறகு சாப்பாடு போடுகிறாள், பேசுவதில்லை. நேற்று மட்டும் ஒரு வார்த்தை சொன்னாள்: "புள்ளைக்கு எயுது. அவன் பிளேன் ஏறதுக்கு முன்ன எயுது."

மடத்தில் போய் விசாரித்தேன். லூசியம்மா இன்னும் உயிரோடு இருக்கிறாராம். நீ வேலைக்குப் போகிற ஊரிலிருந்து ரயிலில் போகிற தூரத்தில், ஓய்வுபெற்ற கன்னியர்கள் இருக்கிற வீட்டில் இருக்கிறாராம். முகவரியை இதோடு வைத்திருக்கிறேன். போய்ப் பார் என்று சொல்ல எனக்குத் தகுதி இல்லை. போவதும் போகாததும் உன் விருப்பம். அவருக்கு நான் எழுத வேண்டியதை நானே எழுதித் தபாலில் போட்டுவிட்டேன். என் சார்பில் நீ எதையும் சுமந்துபோக வேண்டாம்.

வருகிற சனிக்கிழமை நீ வீட்டுக்கு வருவதாக இருந்தது. இதைப் படித்தபின் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் வராமல் இருந்துவிடாதே. அம்மா உனக்காக வஞ்சிர மீன் வாங்கச் சொல்லி வைத்திருக்கிறாள், பெட்டியில் போட நாலு சட்டை தைத்து வைத்திருக்கிறாள். நான் அன்று காலை முதல் பஸ்ஸிலேயே காஞ்சிபுரம் போய்விடுகிறேன். சாயங்காலம்வரை திரும்ப மாட்டேன். நீ தாராளமாக வந்து அம்மாவோடு இருந்துவிட்டுப் போ. நான் இருக்க வேண்டும் என்று தோன்றினால் மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் ஒரு போன் செய். நீ பேச வேண்டியதில்லை. மணி அடித்தால் போதும், நான் எங்கும் போகாமல் வீட்டில் இருப்பேன்.

நைனா